கோடையில் கடலுக்கு எதை உடுத்திப் போவது?

ஜூலை மாதத்தில் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கலிபோர்னியாக் கோடையை நம்பி அரைக்கைச் சட்டையும் அரைக்கால் சட்டையுமாக வந்து இறங்குகிறார்கள். நகரின் மேற்கு ஓரத்தில் உள்ள ஓஷன் பீச்சில் கால் வைத்ததும் உடம்பு நடுங்கத் தொடங்கிவிடும். கடலிலிருந்து கிளம்பிய பனிமூட்டம் தெருக்களை மூடியிருக்கும். அலைமேல் இருப்பவர்களைப் பார்த்தால் கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு ரப்பர் உடை. பலருக்குக் காலில் ரப்பர் காலுறை. சிலருக்குத் தலையிலும் ரப்பர் முக்காடு. கோடையின் உச்சத்தில் இந்தக் கோலம்.

இதற்குக் காரணம் காற்று. வசந்தத்திலும் கோடையின் முற்பகுதியிலும் வடக்குக் கலிபோர்னியாவின் கரையை ஒட்டி வடமேற்குக் காற்று விடாமல் வீசுகிறது. பூமியின் சுழற்சியும் சேர்ந்துகொள்ள, மேல்மட்ட நீர் கரையை விட்டு விலகிப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலேறி வருகிறது. நீரின் வெப்பம் 12, 13 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிவிடுவது அங்கே சாதாரணம். காற்று தணிந்து, செப்டம்பர், அக்டோபர் வந்தால்தான் நீர் கொஞ்சம் இளகும். அதே ஜூலையில், ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் ஹன்டிங்டன் பீச்சில் நீர் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். நம் கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ அதே நாளில் இறங்கினால் 28, 29 டிகிரி.

அலைச்சறுக்குக்கு எதை உடுத்துவது என்று கேட்கிறவர் முதலில் கேட்க வேண்டியது நீரின் சூட்டைப் பற்றித்தான். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். 15 டிகிரிக் காற்றில் ஒரு மெல்லிய சட்டையோடு நடந்து போகலாம். 15 டிகிரி நீரில் அரை மணி நேரம் கிடந்தால் விரல்கள் மரத்துப்போகும். அலை வரும்போது போர்டைப் பிடித்து எழக் கை ஒத்துழைக்காது. அலைச்சறுக்கு என்பது பெரும்பாலும் காத்திருக்கும் விளையாட்டு. ஒரு மணி நேரம் கடலில் இருந்தால் அலைமேல் நிற்பது சில நிமிடங்கள்தான். மீதி நேரம் முழுக்கக் கையால் துடுப்புப் போடுவதும், போர்டில் உட்கார்ந்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும்தான். அந்த நேரம் முழுவதும் உடம்பை நீரிலும் வெயிலிலும் தாக்குப்பிடிக்க வைப்பதே உடையின் வேலை.

1940களிலும் 50களின் தொடக்கத்திலும் வடக்குக் கலிபோர்னியாவின் சர்ஃபர்கள் கம்பளி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். ஈரம் ஏறிய கம்பளி கனத்தது, குளிரைத் தடுக்கவில்லை. நீர் புகாமலிருக்க அதன்மேல் எண்ணெய்ப் பசையுள்ள பூச்சுகளைத் தெளித்துப் பார்த்தவர்களும் உண்டு. கரையில் டயரை எரித்துக் குளிர்காய்ந்துவிட்டு மறுபடியும் இறங்குவார்கள்.

இதற்கு விடை வந்தது ஓர் இயற்பியலாளரிடமிருந்து. ஹியூ பிராட்னர் முதல் அணுகுண்டை உருவாக்கிய மன்ஹாட்டன் திட்டத்தில் பணியாற்றியவர். போருக்குப் பிறகு பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்குக் குளிர் தாங்கும் உடை வேண்டும் என்ற கேள்வி 1951 வாக்கில் அவர் முன் வந்தது. அதுவரை எல்லோரும் உடம்பை நனையாமல் வைத்திருப்பது எப்படி என்றே யோசித்தார்கள். நனைந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்பதுதான் பிராட்னர் கண்டுகொண்டது. குளிரைத் தடுப்பது உடைத்துணிக்குள் அடைபட்டிருக்கும் சின்னச் சின்ன வாயுக் குமிழ்கள். உடைக்கும் தோலுக்கும் நடுவே புகுந்த கொஞ்சம் நீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே தங்கிவிடும். வில்லர்ட் பாஸ்கம் என்ற சகா நியோபிரீன் நுரையைப் பரிந்துரைத்தார். டூபாண்ட் நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் கொண்டுவந்த செயற்கை ரப்பர் அது. பிராட்னர் இந்தக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை.

பெறாமல் விட்டதால் பலரும் முயன்று பார்க்க வழி பிறந்தது. 1952இல் ஓஷன் பீச்சை ஒட்டிய ஒரு கார் கொட்டகையில் ஜாக் ஓநீல் என்பவர் தம் முதல் சர்ஃப் கடையைத் திறந்தார். குளிருக்கு அஞ்சிச் சீக்கிரம் கரையேற வேண்டியிருப்பது அவருக்குப் பெரிய மனக்குறை. முதலில் பிளாஸ்டிக் நுரைத் துண்டுகளை நீச்சல் கால்சட்டைக்குள் திணித்துப் பார்த்தார். பிறகு நியோபிரீன் கைக்கு வந்தது. அதை வெட்டி ஒட்டி உடையாக்கினார். கண்காட்சிகளில் பனிக்கட்டி மிதக்கும் தொட்டிக்குள் தம் பிள்ளைகளை அந்த உடையோடு உட்காரவைத்துக் காட்டி விற்றார். தெற்கே ரெடோண்டோ பீச்சில் பாப், பில் மெய்ஸ்ட்ரெல் என்ற இரட்டைச் சகோதரர்களும் அதே காலத்தில் இதில் இறங்கினார்கள். அவர்களுடைய உடைதான் பாடி குளோவ் என்ற பெயரில் புகழ்பெற்றது. வெட்சூட் என்ற இந்த உடையைச் சர்ஃபர்களுக்கு முதலில் தைத்தது யார் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அது எப்படியானாலும், குளிர்ந்த கடல்களை ஆண்டு முழுக்க அலைச்சறுக்குக்குத் திறந்துவிட்டது இந்த ரப்பர் உடைதான்.

வெட்சூட் வாங்கப் போகிறவரை முதலில் குழப்புவது 3/2, 4/3 என்று எழுதியிருக்கும் எண்கள். முதல் எண் மார்பும் முதுகும் மூடும் பகுதியின் தடிமன், இரண்டாவது கைகால்களில் உள்ள தடிமன், இரண்டும் மில்லிமீட்டரில். உள்ளுறுப்புகள் இருக்கும் இடத்துக்குக் கூடுதல் காப்பு வேண்டும். துடுப்புப் போடும் கைக்கு எளிதாக மடங்கும் மெல்லிய ரப்பர் வேண்டும். சான் பிரான்சிஸ்கோக் கோடைக்கு 4/3. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் கோடையின் தொடக்கத்தில் 3/2. ஆகஸ்டில் கையும் காலும் குட்டையான ஸ்பிரிங் சூட். நீர் 23, 24 டிகிரியைத் தாண்டிவிட்டால் ரப்பரே வேண்டாம். சான் டியாகோவை அடுத்த ஸ்கிரிப்ஸ் ஆய்வுக்கழகத்தின் பாலத்தில் 1916 முதல் நாள்தோறும் கடலின் வெப்பத்தை அளந்து வருகிறார்கள். 2018 ஆகஸ்டில் அது 26 டிகிரியைத் தாண்டி, 1931 முதல் நின்றிருந்த உச்சத்தை முறியடித்தது. அந்த வாரங்களில் கடலில் இருந்தவர்களுக்கு ஓர் அரைக்கால் சட்டை போதும்.

வெட்சூட்டின் அளவைப் பார்ப்பதற்கு எளிய வழி உண்டு. அணிந்த பின் முதுகின் கீழ்ப்பகுதியிலும் அக்குளிலும் துணியைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். தாராளமாகக் கிள்ள வருகிறது என்றால் உடை பெரிது. ஒவ்வோர் அலையிலும் புதிய குளிர்நீர் உள்ளே புகுந்து, சூடான நீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். எவ்வளவு தடிமனான ரப்பராக இருந்தாலும் பயன் இல்லை.

சரி, கோடைக்கு அலை எங்கிருந்து வருகிறது? கலிபோர்னியாவின் கோடை அலைகள் பெரும்பாலும் அந்த ஊரில் பிறந்தவை அல்ல. நியூசிலாந்துக்குத் தெற்கே, அண்டார்டிகாவைச் சூழ்ந்த பெருங்கடலில் அப்போது கடுங்குளிர்காலம். அங்கே வீசும் புயல்கள் எழுப்பும் அலைகள் பசிபிக் முழுவதையும் கடந்து, ஒரு வாரத்துக்கும் மேலாகப் பயணம் செய்து, மாலிபூவிலும் ஹன்டிங்டனிலும் வந்து உடைகின்றன. ஸ்கிரிப்ஸின் கடலியலாளர் வால்டர் மங்க் 1963இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை கருவிகளை வைத்து இந்தப் பயணத்தைத் தொடர்ந்து அளந்து காட்டினார். வெட்சூட்டுக்கு வழிகாட்டிய பிராட்னரும் பின்னாளில் அதே ஸ்கிரிப்ஸுக்கு வந்து சேர்ந்தவர்.

வங்கக்கடலுக்கும் இதே கதை. மே முதல் செப்டம்பர் வரை தென்கோளத்தின் குளிர்காலப் புயல்கள் அனுப்பும் அலைகள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து வடக்கே ஏறி வருகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று நம் கிழக்குக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், காலை வேளைகளில் அலையின் முகம் சிதறாமல் வழுவழுப்பாக நிமிர்ந்து நிற்கும். நடுப்பகலுக்கு மேல் கடற்காற்று திரும்பியதும் அந்த அழகு போய்விடும். அதனால்தான் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பயிற்சிக்கு வருகிறவர்களை விடியற்காலையிலேயே வரச் சொல்கிறார்கள். மீனவரான மூர்த்தி மேகவன் 2012இல் கோவளத்தில் அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கியபோது அங்கிருந்த சில பையன்கள்தான் உடன் இருந்தார்கள். 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி ஒன்று முதன்முறையாக இந்தியாவுக்கு, மாமல்லபுரத்துக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் அதே கரையில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் ரமேஷ் புடிஹால் வெண்கலம் வென்றார். ஆசியப் போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியருக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

வெதுவெதுப்பான கடலுக்கான உடை என்றதும் நினைவுக்கு வருவது போர்டு ஷார்ட்ஸ். அதன் பிறப்பும் ஒரு தையல் மெஷினில்தான். 1950களில் கலிபோர்னியாவின் சர்ஃப்சைட் என்ற சிற்றூரில் வால்டர், நான்சி கேட்டின் தம்பதி படகுகளுக்குக் கித்தான் உறை தைத்து வந்தார்கள். கோர்க்கி கரோல் என்ற சிறுவன் வந்து, கடையில் வாங்கும் நீச்சல் கால்சட்டைகள் போர்டில் தேய்ந்து கிழிந்துவிடுகின்றன, படகுக்கு உறை தைக்கும் துணியில் ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டான். தைத்துக் கொடுத்தார்கள். ஊரில் இருந்த மற்றப் பையன்களும் வரிசையாக வந்தார்கள். படகு உறைத் தொழில் பின்னால் போய்விட்டது. அந்தச் சிறுவன் பிற்காலத்தில் ஐந்து முறை அமெரிக்க சாம்பியன் ஆனான். ஹவாயில் வையனாய் ஊரின் எம். நீ என்ற தையற்கடையும் அதே பத்தாண்டில் சர்ஃபர்களுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்துப் பேர் வாங்கியது.

நல்ல போர்டு ஷார்ட்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு காரணம் தெரியும். இடுப்பில் எலாஸ்டிக் இருக்காது. பெரிய அலை அடித்தால் எலாஸ்டிக் விரிந்து ஷார்ட்ஸ் கழன்று போகும். அதனால் முன்பக்கம் கயிறு கோத்து முடிச்சுப் போடும்படி இருக்கும். குப்புறப் படுத்துத் துடுப்புப் போடும்போது வயிற்றில் குத்தக் கூடாது என்பதால் உலோகப் பொத்தானோ ஜிப்போ முன்னால் வைப்பதில்லை. உள்தொடையில் உராயும் இடத்தில் தையல் வராதபடி வெட்டியிருப்பார்கள், அல்லது தட்டையாகத் தைத்திருப்பார்கள். பக்கவாட்டில் ஒரே ஒரு சிறு பை. அதன் அடியில் நீர் வடிய ஓட்டை. உள்ளே சாவியை முடிந்துவைக்க ஒரு வளையம். அந்தப் பை, போர்டில் தேய்க்கும் மெழுகுக் கட்டியும் சாவியும் வைக்கத்தான்.

இத்தனையும் இல்லாமல் ஏற முடியாதா என்றால், முடியும். 2019இல் ஜப்பானின் மியாசாகியில் நடந்த உலக சர்ஃபிங் போட்டிக்குப் பிரேசிலின் இடாலோ ஃபெரைரா வந்து சேர்ந்ததே பெரும் பாடு. பாஸ்போர்ட் திருட்டுப் போய்ப் பயணம் தாமதமானது. அவர் விமான நிலையத்திலிருந்து நேராகக் கடற்கரைக்கு ஓடி வந்தபோது அவருடைய சுற்று முடியச் சில நிமிடங்களே இருந்தன. போட்டிருந்த ஜீன்ஸ் அரைக்கால் சட்டையோடு, சக வீரர் ஃபிலிப்பே டொலீடோவின் போர்டை இரவல் வாங்கிக்கொண்டு கடலில் குதித்தார். அந்தச் சுற்றையும் வென்றார், கடைசியில் தங்கத்தையும் வென்றார். பின்னர் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவரும் இவர்தான். ஆனால் முதல் நாள் கற்றுக்கொள்ள வருகிறவர் ஜீன்ஸோடு இறங்குவது நல்லதல்ல. நனைந்த ஜீன்ஸ் கல்லாகக் கனத்து, முழங்காலை மடக்கி எழ விடாது. ஓரத் தையல்கள் தோலை அறுத்துவிடும்.

நம் கடலில் ஒருவருடைய நாளைக் கெடுப்பவை மூன்று: வெயில், உராய்வு, ஜெல்லிமீன்.

உராய்வை முதலில் பார்க்கலாம், ஏனென்றால் அதைத்தான் புதியவர்கள் எதிர்பார்ப்பதே இல்லை. கால் வழுக்காமலிருக்கப் போர்டின் மேற்பரப்பில் மெழுகு தேய்த்திருப்பார்கள். வெப்பக் கடல்களுக்கென்றே கெட்டியான மெழுகு உண்டு; நம் வெயிலில் போர்டைத் திறந்த மணலில் போட்டுவிட்டுப் போனால் அதுவும் உருகி வழியும். அந்தப் பிசுபிசுப்பில் மணலும் ஒட்டிக்கொள்ளும். வெற்றுடம்போடு அதன்மேல் குப்புறப் படுத்து ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டால் மார்புக் காம்புகளும் வயிறும் மேற்கையின் உட்புறமும் சிவந்து தடித்துவிடும். அதன்மேல் உப்புநீர் பட்டால் எரிச்சல் உயிர் போகும். மறுநாள் சட்டை உரசினாலே வலிக்கும். இதற்காகத்தான் ராஷ் கார்டு. நைலான் அல்லது பாலியஸ்டரோடு ஸ்பாண்டெக்ஸ் (லைக்ரா) சேர்த்து நெய்த, உடம்போடு ஒட்டும் சட்டை அது.

வெயிலுக்கும் அதுவே கவசம். சென்னைக் கோடையில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11ஐத் தாண்டுவது வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் உச்சப் படி. அதே நிறுவனம் தரும் இன்னும் சில கணக்குகள் கடலில் இறங்குகிறவர்கள் அறிய வேண்டியவை. உலர்ந்த மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. அலை நுரை 25 சதவீதத்தை. அரை மீட்டர் ஆழத்தில்கூட மேற்பரப்பில் இருப்பதில் 40 சதவீதம் இருக்கும். கழுத்தளவு நீரில் நிற்பதால் வெயில் படாது என்பது நினைப்பு மட்டுமே. நீர் குளிர்ச்சியாக இருப்பதால் தோல் வேகுவதும் உடனே தெரிவதில்லை. சாயங்காலம் குளிக்கும்போதுதான் தெரிகிறது.

பழைய பருத்திப் பனியன் போதாதா என்று பலர் கேட்பார்கள். துணி எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்பதற்கு யூபிஎஃப் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996இல் இதற்கென ஒரு தரநிர்ணயத்தைக் கொண்டுவந்தன. யூபிஎஃப் 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு கதிர்தான் உள்ளே நுழையும். சாதாரண வெள்ளைப் பருத்திப் பனியனின் அளவு ஏறத்தாழ 7. நனைந்தால் 3க்கு இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு வெயில் நேரே தோலில் விழுகிறது என்று பொருள். நனைந்த பருத்தி கனத்து, கையைத் தூக்கும்போதெல்லாம் இழுக்கவும் செய்யும். முழுக்கை, உயர்ந்த கழுத்து, யூபிஎஃப் 50 உள்ள லைக்ராச் சட்டை ஒன்று வாங்கிக்கொள்வது நம் ஊர்க் கடலுக்குச் செய்யும் செலவுகளிலேயே முதன்மையானது. கட்டுமரத்தில் போகும் மீனவர்கள் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாகக் கிளம்புவதும் இதே வெயிலுக்காகத்தான்.

உடை மூடாத இடங்களுக்குச் சன்ஸ்கிரீன். அதைப் பூசும் விதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சர்ஃபர் பெரும்பாலும் குப்புறப் படுத்திருப்பவர். ஆகவே அதிகம் வேகுவது முழங்காலின் பின்மடிப்பும் கெண்டைக்காலும் பிடரியும் காதுமடலின் நுனியும். முகத்துக்கு மட்டும் தடவிக்கொண்டு இறங்குகிறவர்கள் இரண்டு நாள் உட்கார முடியாமல் தவிப்பார்கள். மூக்கிலும் கன்னத்திலும் சிலர் அப்பியிருக்கும் வெள்ளைப் பூச்சு துத்தநாக ஆக்சைடு. கதிரைத் தோலின் மேலேயே தடுத்துவிடும், சீக்கிரம் கரையாது. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீன்கள் பவளப்பாறைகளைப் பாதிக்கின்றன என்று ஹவாய் மாநிலம் 2018இல் சட்டம் இயற்றி, 2021 முதல் அவற்றின் விற்பனைக்குத் தடை போட்டது. பவளப்பாறை உள்ள கடலில் இறங்குகிறவர்கள் டப்பாவின் பின்புறத்தை ஒருமுறை படித்துவிட்டு வாங்கலாம்.

கண்ணையும் மறக்கக் கூடாது. ஆண்டுக்கணக்கில் வெயிலும் உப்புக்காற்றும் பட்டால் கண்ணின் வெள்ளைப்படலத்தில் சதை வளர்ந்து கருவிழியை நோக்கி நகரும். சர்ஃபர்களிடமும் மீனவர்களிடமும் காணப்படும் தொல்லை இது. தாடையில் கட்டும் வார் உள்ள விளிம்புத் தொப்பி இதற்கு உதவும்.

மீனவர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லிமீன்கள் சில பருவங்களில் கரையோரம் கூட்டமாக வரும். மெல்லிய லைக்ராகூட அவற்றின் கொடுக்கிழைகளைத் தோலில் படாமல் பெருமளவு தடுத்துவிடும். அந்த நாட்களில் போர்டு ஷார்ட்ஸுக்குள் முழுநீள லெகிங்ஸ் போட்டு இறங்குவது நல்லது.

அளவைப் பொறுத்தவரை ராஷ் கார்டுக்கு ஒரே விதி: இரண்டாம் தோலாக ஒட்டியிருக்க வேண்டும். தொளதொள என்றிருந்தால் அலை புரட்டும்போது மேலேறி முகத்தை மூடிவிடும். நீருக்கடியில் அது ஆபத்து. சில ராஷ் கார்டுகளின் முன் அடியில் ஒரு சிறு வளையம் வைத்திருப்பார்கள். ஷார்ட்ஸின் கயிற்றை அதில் நுழைத்துக் கட்டிவிட்டால் சட்டை மேலே சுருண்டு ஏறாது. நிறத்தையும் யோசித்து எடுக்க வேண்டும். நீலமும் சாம்பலும் கடலோடு கலந்துவிடும். ஆரஞ்சு, அடர் இளஞ்சிவப்பு, பளீரென்ற மஞ்சள் ஆகியவை தூரத்திலிருந்து கண்ணில் படும். போட்டிகளில் ஒவ்வொரு வீரருக்கும் வேறு வேறு வண்ண மேலங்கி கொடுப்பதும், கரையில் உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் ஆளை அடையாளம் காண்பதற்குத்தான்.

மோதிரம், சங்கிலி, கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கரையிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். கொலுசு கிடக்கும் இடத்தில்தான், பின்னால் ஊன்றும் காலின் கணுக்காலில், போர்டோடு பிணைக்கும் லீஷைக் கட்டுவார்கள். போர்டு அலையோடு போய் இன்னொருவர் மண்டையில் இடிக்காமல் இருக்கவும், விழுந்தவர் பிடித்துக்கொள்ள மிதவையாக அது பக்கத்திலேயே கிடக்கவும் இந்தக் கயிறு. ஜாக் ஓநீலின் மகன் பேட், 1970களின் தொடக்கத்தில் இதைப் பரப்பியவர்களில் ஒருவர். அப்போது மருத்துவமனைகளில் பயன்படும் ரப்பர்க் குழாயில் செய்தார்கள். அது அளவுக்கு மீறி நீண்டு, விட்டால் போர்டைத் திருப்பி வீசியது. 1971இல் அப்படித் திரும்பி வந்த போர்டு ஒன்று ஜாக் ஓநீலின் இடது கண்ணைப் பறித்தது. 2017இல் 94 வயதில் இறக்கும்வரை அந்தக் கண்ணில் கறுப்புத் திரையோடுதான் இருந்தார். இப்போதைய லீஷ்கள் அவ்வளவு இழுபடாத யூரித்தேனில் ஆனவை. போர்டின் நீளத்துக்குச் சமமாக இருந்தால் போதும்.

உடை எவ்வளவு சரியாக இருந்தாலும் இறங்கக் கூடாத நாட்கள் இருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் தொலைதூரப் புயல்கள் அனுப்பும் நெடிய அலைகள், உள்ளூரில் காற்றோ மேகமோ இல்லாத நாளில் திடீரென்று கரையில் பொங்கும். கேரளத்து மீனவர்கள் வைத்த கள்ளக்கடல் என்ற பெயரிலேயே, ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் எச்சரிக்கை வெளியிடுகிறது. 2024 மே மாதம் அப்படி எச்சரிக்கை இருந்த நாளில், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். கடலுக்குக் கிளம்பும் முன் அந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது கட்டாயம்.

இனி, உடை விஷயத்தில் எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி. கடலில் யார் இறங்கலாம் என்பதையும் பல காலமாக உடைதான் முடிவு செய்து வந்திருக்கிறது.

ஹவாயில் ஆண், பெண், குழந்தை, அரச குடும்பத்தார் எல்லோரும் அலையேறினார்கள். இடுப்பில் ஒரு கோவணத் துணியோடு, அல்லது அதுவும் இல்லாமல். 1820இல் வந்த அமெரிக்க மதப் பிரசாரகர்களுக்கு அந்தக் கோலம் பிடிக்கவில்லை. உடம்பை மூடும் புதிய உடைகளும், புதிய வேலை ஒழுங்குகளும், அதோடு வந்த கொள்ளை நோய்களும் சேர்ந்து அந்த நூற்றாண்டின் முடிவுக்குள் அலைச்சறுக்கை ஓரங்கட்டிவிட்டன. பிற்பாடு அதை மீட்டவர்களில் முதன்மையானவர் டியூக் கஹனமோக்கு. 1912 ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற அவர், 1914 டிசம்பரில், அதாவது அங்கே கோடையில், சிட்னிக்குப் போய் ஆஸ்திரேலியர்களுக்கு அலையேறிக் காட்டினார்.

அதே சிட்னியில் 2004இல் அஹேதா சனெட்டி என்ற ஆடை வடிவமைப்பாளர், தலையிலிருந்து கால் வரை மூடும் புர்கினி நீச்சல் உடையை உருவாக்கினார். அவருடைய உறவுக்காரச் சிறுமி முழு உடையோடு நெட்பால் ஆடத் திணறியதைப் பார்த்ததுதான் தொடக்கம். சில ஆண்டுகளில் மெக்கா லாலா என்ற இளம் பெண், மஞ்சளும் சிவப்புமான புர்கினி அணிந்து குரோனுல்லா கடற்கரையில் உயிர்காப்பாளராகப் பயிற்சி முடித்தார். 2005இல் இனக்கலவரம் நடந்த கடற்கரை அது.

இலங்கையின் கிழக்கே, தமிழ் பேசும் பொத்துவிலை அடுத்த அறுகம்பையில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அலைக்காலம். பல ஆண்டுகளாக வெளிநாட்டவரும் உள்ளூர் ஆண்களும் மட்டுமே அங்கே போர்டோடு திரிந்தார்கள். கறுத்துவிடுவாய், யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள், இந்த உடையா என்ற தடைகள் பெண்களுக்கு. 2018இல் அங்கே நாட்டின் முதல் பெண்கள் சர்ஃப் குழு தொடங்கியது. ஆஸ்திரேலியாவிலும் அறுகம்பையிலும் நடந்தது ஒன்றே: முழுக்கை லைக்ராவும் கால் மூடும் லெகிங்ஸும் வெயிலைத் தடுத்ததோடு, வீட்டாரின் ஆட்சேபத்தில் பாதியையும் தணித்தன.

நம் கரையில் பெண்கள் புடவையிலும் சுடிதாரிலுமே கடலில் கால் நனைக்கிறார்கள். அலையேற அவை உதவா. துப்பட்டாவும் புடவையும் கால்களைச் சுற்றிக்கொள்ளும், லீஷில் சிக்கும். ஆனால் அதற்காக நீச்சல் உடைக்குத் தாவ வேண்டிய தேவை இல்லை. கையும் கழுத்தும் மூடிய ராஷ் கார்டு, கணுக்கால் வரை லைக்ரா லெகிங்ஸ், விருப்பமிருந்தால் அதன்மேல் போர்டு ஷார்ட்ஸ், தலைமுடிக்கு இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. யார் உடன் இருந்தாலும் கூச்சமில்லாமல் இறங்கலாம், பயிற்சியாளர் கொடுக்கும் எந்த வேலையையும் செய்யலாம். உள்ளே பருத்தி உள்ளாடைக்குப் பதில் விளையாட்டு உள்ளாடை போட்டுக்கொள்வது நல்லது. பருத்தி நனைந்தால் அதன் ஓரங்களே புண்ணாக்கும்.

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, உட்புறம் வெளியே தெரியும்படி நிழலில் உலர்த்த வேண்டும். உப்பும் வெயிலும் லைக்ராவின் இழுவையைச் சீக்கிரம் தின்றுவிடும். வெட்சூட் வைத்திருப்பவர்கள் அதைத் தோளில் மாட்டித் தொங்கவிடாமல் இடுப்பில் மடித்துப் போட வேண்டும். ஈரக் கனத்தில் தோள்பகுதி நீண்டு கெட்டுப்போகும். முதல் வகுப்புக்கு இத்தனையும் வாங்க வேண்டியதும் இல்லை. பல பயிற்சிப் பள்ளிகள் போர்டோடு ராஷ் கார்டையும் தருகின்றன. இடம் பதிவு செய்யும்போதே தங்கள் அளவில் முழுக்கைச் சட்டை இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொண்டால், லெகிங்ஸும் ஒரு துண்டும் மாற்று உடையும் மட்டும் பையில் போட்டுக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கரையில் இருக்கலாம்.